கல்மேட்டில் எழுதிய வல்லாரை

எங்கள் வீட்டில் கல்லூரிவரை போன முதல் ஆள் நான். மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பில் அம்மா தினமும் மாட்டுக்குப் புல் அறுப்பாள். தாவரவியல் கடைசி வருட ப்ராஜெக்டுக்கு அந்தத் தோப்பையே எடுத்துக்கொண்டேன். கயிற்றால் பத்துச் சதுரங்கள் கட்டி, ஒவ்வொன்றுக்குள்ளும் என்னென்ன செடி, எத்தனை என்று எண்ண வேண்டும்.

"மாட்டக் கட்டற கயித்தத் தூக்கீட்டுப் போயி புல்லக் கட்டிப்போட்டிருக்கறான் எம் பையன்" என்று அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிச் சிரித்தாள்.

நான்கு சதுரம்தான் எண்ணினேன். நான்கும் வாய்க்காலோரம், நிழலில். அதற்குமேல் வெயில் தாங்கவில்லை. ஒரே தோப்பு, ஒரே மண், எங்கே எண்ணினாலும் அதேதானே என்று, மீதி ஆறையும் டீக்கடையில் உட்கார்ந்து எண்களைக் கொஞ்சம் மாற்றிப்போட்டு எழுதினேன்.

மார்க் போடுவதற்கு முன் சார் தோப்பைப் பார்க்க வந்தார். அம்மா புல்லுக்கட்டோடு நின்றிருந்தாள். சார் என் தாளில் நான் குறித்திருந்த இடங்களைப் பார்த்து, கிழக்கே இருந்த கல்மேட்டைக் காட்டினார். "ஏழாவது சதுரம் அதுதானே? வல்லாரை நிறைய எழுதியிருக்கியே."

நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "ஏனுங்க சார், அந்த மேட்டுல வல்லாரை ஏதுங்க? தண்ணி நிக்காதுங்க. நெருஞ்சியும் ஊசிப்புல்லுந்தான். இங்கிருந்து பத்து எட்டு வெச்சா புல்லே வேறயாயிருமுங்க. வல்லாரை வேணும்னா வாய்க்கா கசியற பக்கம் வாங்க, காட்டறன்."

மகனுக்கு ஒத்தாசை செய்கிற சந்தோஷம் அவள் முகத்தில் இருந்தது.

"அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாதுங்க சார். படிக்காதவங்க" என்றேன்.

சார் மேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திங்கட்கிழமை மறுபடி எழுதிக் கொண்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா கேட்டாள்: "நாஞ் சொன்னதுல உனக்கு மார்க் கொறையுமா கண்ணு? தெரியாமச் சொல்லிப்போட்டன்னு சாருகிட்ட வேணா சொல்லட்டுமா?"

"வேண்டாம்மா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

மறுநாள் மீதி ஆறு சதுரங்களையும் கட்டினேன். கல்மேட்டில் நெருஞ்சி முள் முட்டியில் குத்தியது. வல்லாரை ஒன்றுகூட இல்லை. தண்ணீர் பாயும் தென்னைப் பாத்திக்குள் கோரையும் பொடுதலையும். அதே பாத்தியின் கரை ஒரு சாண்தான் உயரம். அங்கே ஈரமில்லை, தும்பை நின்றது. காய்ந்த மட்டை குவித்திருந்த இடத்தில் வெளிறிய கீழாநெல்லி மட்டும். ஒரே தோப்பு என்று நான் எழுதியதற்குள் இத்தனை இடங்கள் இருந்தன. அம்மா அவை ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வேளையில் அரிவாளோடு போய்க்கொண்டிருந்தாள்.

சாரிடம் ஒப்புக்கொண்டேன். புதுத் தாளில் கையெழுத்துப் போட்டார். அம்மாவிடம்தான் சொல்ல வரவில்லை.

போன வாரம் தோப்பின் சொந்தக்காரர், மேற்குப் பாத்தியில் ஏன் புல்லே பிடிக்கவில்லை என்று அவளைக் கேட்டார். அம்மா கூச்சத்தோடு சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"எனக்கென்னங்க தெரியும்? பையன் படிச்சிருக்கறான், அவனக் கேளுங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரியும் என்றாவது அப்போது சொல்லியிருக்கலாம். பார்த்துச் சொல்றேனுங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.