இடது ஓரத்தை நான் காலியாக விட்ட ஞாயிற்றுக்கிழமை

நான் வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக உதைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இனி வரப்போவதெல்லாம் மற்றவர்கள் எப்படி உதைத்திருக்க வேண்டும் என்பதைப் பற்றிய என் கருத்துகள்.

மலாக்காவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்ளும் டிரஸருக்குக் கையாள். காய்ச்சலுக்குக் கொயினா கலக்குவேன், புண் கழுவுவேன், கட்டுப் போடுவேன். தோட்டத்தில் நடமாடிய அத்தனை கால்களும் எப்போதாவது என் மடியில் வந்து இருந்துவிட்டுப் போனவைதான். எனக்கு முகம் மறந்துபோகும், கால் மறக்காது. லயத்து வீடுகள் பக்கம் யாராவது வணக்கம் சொன்னால் முதலில் கீழே பார்த்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பேன். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டுதான் எங்கள் தோட்டத்துப் பந்தாட்ட அணியில் யார் இருக்க வேண்டும், யார் வெளியே நிற்க வேண்டும் என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் ஓயாமல் பேசிவந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவ்வளவு பேசியிருக்கமாட்டேனோ என்னவோ.

அணியைத் தேர்ந்தெடுப்பவர் எங்கள் பெரிய கிராணி. ஆபீஸில் கணக்குப் புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் ஒல்லியான மனிதர், மூக்குக்கண்ணாடிக்காரர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினோரு பெயர்களை எழுதி ஆபீஸ் சுவரில் ஒட்டுவார். ஒட்டிய பசை காய்வதற்குள் நான் அதன் முன்னால் நிற்பேன்.

அவருடைய பட்டியலைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். புகைக்கூட்டில் ரப்பர் தகடு காயப்போடுகிறவர்கள் இருவர், லாரி ஓட்டுநர், தச்சர், பங்களா சமையல்காரர், புல்வெட்டு ஆட்கள் மூவர். பட்டையைக் கீறிப் பால்மரம் வெட்டுகிறவர்கள் மூன்றே பேர். முந்நூறு பேர் மரம் வெட்டும் தோட்டத்தில் மூன்று பேர்!

மரம் வெட்டுகிறவனின் காலுக்குக் கட்டுப்போட்டுப் பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். விடிவதற்கு முன்னால் மலைச்சரிவில் ஏறி, ஒவ்வொரு மரத்தையும் முழங்கால் மடக்கிச் சுற்றிவந்து, கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் பட்டுவிடாமல் உடம்பை நிறுத்திப் பழகிய கால் அது. பங்களா சமையல்காரரின் கால் அடுப்புக்கும் கோழிக்கூண்டுக்கும் இடையில் நடந்த கால். இரண்டையும் ஒரே சட்டையில் நிறுத்தினால் எப்படி? "கிராணிக்கு ஆபீஸ் ஜன்னல் வழியா யாரு தெரியிறாங்களோ அவங்கதான் டீமு" என்று நான் சொன்னது தோட்டம் முழுக்கப் பரவியது. பரப்பியதும் நான்தான்.

அந்த மூன்று மரம்வெட்டுகளில் ஒருவர் இடது ஓரத்தில் ஆடுகிறவர். முப்பது வயது இருக்கும். பந்து இடது காலில் ஒட்டிக்கொண்டு வரும். எதிரி அதைப் பிடுங்க வந்தால் பிடுங்க எதுவும் இருக்காது, பந்தும் ஆளும் தாண்டிப் போயிருப்பார்கள். அவர் பேசுவது குறைவு. அவருடைய மனைவி தஞ்சோங் கிளிங்கில், கடலோரத்துத் துரை வீட்டில் ஆயா. இவர் நியாலாஸ் மலையில், அவர் கடற்கரையில். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு லீவு எடுத்துக்கொண்டு பஸ் மாறிப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கல்யாணம் ஆகி நான்கு வருஷம். "சேந்தாப்புல ஒரு வாரம் இருந்ததில்லண்ணே" என்று ஒருமுறை கால் கட்டு மாற்றும்போது சொன்னார். காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார், நானும் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

மலாக்கா டவுனில் ஒரு துணிக்கடை முதலாளி இருந்தார். பல தலைமுறையாக அங்கேயே இருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். டவுன் தமிழர்களின் பந்தாட்ட அணியை நடத்துகிறவர் அவர்தான். நல்ல ஆட்டக்காரன் கிடைத்தால் கடைக் கிடங்கில் வேலை கொடுத்துக் கூடவே வைத்துக்கொள்வார். அவருக்கு இடது ஓரத்துக்கு ஆள் தேவை என்றும், ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம் எங்கள் பாடாங் மைதானத்தில் ஆட வரும் ஞாயிற்றுக்கிழமை அவரே நேரில் வந்து பார்ப்பார் என்றும் செய்தி வந்தது. டவுனில் வேலை என்றால் தஞ்சோங் கிளிங் பக்கத்திலேயே. அப்புறம் மாதத்துக்கு ஒரு ஞாயிறு என்ற பேச்சே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் சுவருக்கு முன்னால் வழக்கம்போல நின்றேன். சுவரில் பட்டியல் இல்லை. கிராணி ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். கையில் பென்சில்.

"இந்தா. இந்த வாரம் நீ எழுது."

"நானா, ஐயா?"

"இத்தன வருஷமா என் காதுல எழுதின. இப்பத் தாள்ல எழுது. ஜெயிச்சா உன் பேரு, தோத்தா உன் தலை."

"தோக்க மாட்டோம், ஐயா. பதினோரு பேரும் மரம்வெட்டு. பாருங்கலா, பந்து அவங்க பக்கமே வராது."

அவர் என்னைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன் என்பது அவருக்கும் தெரியும்.

பதினோரு மரம்வெட்டுகளை எழுதினேன். லாரி ஓட்டுநர் ஆஸ்பத்திரிக்கே வந்து, "நான் என்னண்ணே பண்ணேன்?" என்று கேட்டார். "உங்க காலு பெடல்ல பழகின காலு தம்பி, புல்லுல பழகல" என்றேன். அவ்வளவு நிச்சயமாக நான் வேறு எதையும் சொன்னதாக ஞாபகமில்லை.

ஞாயிறு என்றாலும் அந்தத் தோட்டத்தில் மரம் வெட்டுவது நிற்காது. பதினொரு மணிக்கெல்லாம் பால் எடுத்து முடித்துவிட்டு, குளித்துச் சாப்பிட்டு, நாலரைக்குப் பாடாங்குக்கு வந்துவிடலாம். அதுதான் கணக்கு. விடிகாலையில் ஆள் எண்ணும் பெரட்டு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. நான் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு, ஈரமான புல்லில் நம் ஆட்கள் வழுக்காமல் ஓடுவார்கள் என்று சந்தோஷப்பட்டேன். என் அறிவு அந்த அளவில்தான் இருந்தது.

ஈரமான மரத்தை வெட்ட முடியாது. பால் பட்டையெல்லாம் பரவி வீணாகிவிடும். மழை நின்று பட்டை காயும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். அன்று மழை நின்றது ஒன்பது மணிக்கு. மரம் காய்ந்தது பதினொரு மணிக்கு. அதற்கப்புறம் வெட்டி, பால் மரத்தில் கட்டிய மங்குக் கிண்ணத்தில் வடிந்து, அதை வாளியில் சேர்த்துக் கீழே கொண்டுவர ஐந்தரை ஆகும். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சங்கதி இது. பத்து வருஷமாக மழை நாட்களில் மத்தியானம் நோயாளியே வராததைப் பார்த்திருந்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

பாடாங்கில் கிராணி குடையுடன் நின்றுகொண்டிருந்தார்.

"உன் டீமு எங்கப்பா?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருடைய பட்டியலில் எட்டுப் பேர் ஏன் எப்போதும் மரம் வெட்டாதவர்கள் என்பதும் அதே நொடியில் விளங்கியது. மழை பெய்தாலும் ஆட எட்டுப் பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. "இத முன்னாடியே சொல்லக்கூடாதா, ஐயா?" என்றேன். "எனக்கு ஜன்னல் வழியாத் தெரியறவங்கதான் டீமுன்னு சொன்ன. வானமும் அதுலதான் தெரியும்" என்றார்.

மூன்று மணிக்கு மலையேறி ஓடினேன். ஓடினேன் என்பது பேச்சுக்கு. பாதி வழியில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பதினோரு பேரும் காட்டில் தங்கள் தங்கள் நிரையில், அவரவருக்கு ஒதுக்கிய மர வரிசையில் இருந்தார்கள். இடது ஓரத்துக்காரர் கடைசி மரங்களை வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியை நிறுத்தவில்லை.

"விடுங்கண்ணே. அடுத்த வாட்டி பாத்துக்கலாம்."

"முதலாளி அடுத்த வாட்டி வரமாட்டாருய்யா."

நான் கோல்காப்பாளராக எழுதியிருந்தவர் பக்கத்து நிரையில் இருந்தார். தடித்த கெண்டைக்கால், சத்தமான குரல். அவர் கேட்டார்: "இவன் நிரையில எத்தன மங்கு? நாம பத்து பேரு. ஆளுக்குக் கொஞ்சமா எடுத்தா இவன் இப்பவே போயிரலாம்ல?"

"அப்ப நீங்க?"

"நாங்க போயி என்ன பண்ணப் போறோம்? எங்களயா பாக்க வந்திருக்காரு?"

கங்காணி வந்து, என்ன கூட்டம் என்று அதட்டினார். விஷயத்தைச் சொன்னோம். அவர் மரங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெட்டி முடிச்சு, பால் வடிஞ்சப்புறம் போகட்டும். ஒரு மங்கு தரையில கவுந்துச்சு, உன் ஆஸ்பத்திரிக்கே வந்து கேப்பேன்" என்றார். அது அவருடைய சம்மதம்.

நான் கீழே வந்தபோது நாலேகால். முதலாளி வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆறு மணி பஸ். கிராணி தன் பழைய ஆட்களைத் தேடிப்பிடித்துச் சட்டை மாட்டியிருந்தார். லாரி ஓட்டுநர், தச்சர், சமையல்காரர், புகைக்கூட்டுக்காரர்கள், புல்வெட்டுக்காரர்கள், இரவுக் காவலாளி, ஆபீஸ் பியூன். மொத்தம் பத்து. பதினோராவது சட்டை அவர் கையில் இருந்தது. அதை என்னிடம் நீட்டினார்.

"போட்டுக்க. லெஃப்ட் விங்."

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு கிழவர், "டிரஸரக் கூப்புடுங்க, கட்டுப் போடுறவரே அடிபடப் போறாரு" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. வாழ்நாளில் ஒருமுறை அந்த நீலச் சட்டை என் தொந்தியின்மேல் ஏறப்போகிறது. ஒரு கையை நுழைத்தும்விட்டேன்.

ஆனால் நாங்கள் ஆடிய விதி என்னவென்றால், குறைந்த ஆட்களோடு ஆரம்பித்தால் மீதி ஆள் பிறகு வந்து சேர்ந்துகொள்ளலாம். பதினோரு பேர் இறங்கிவிட்டால் ஒருவரை வெளியே எடுத்து இன்னொருவரை இறக்க முடியாது. நான் இறங்கினால் மலையிலிருந்து வருகிறவர் வேடிக்கைதான் பார்க்கலாம்.

கையை வெளியே எடுத்தேன். "பத்து பேரோட ஆரம்பிங்க, ஐயா. இடது ஓரம் காலியா இருக்கட்டும்."

"காலியாவா? அந்தப் பக்கம் முழுக்க ஓட்டையாப் போயிரும்."

"நான் இறங்கினாலும் ஓட்டைதான், ஐயா. இது வெத்து ஓட்டை, அது தொந்தி வச்ச ஓட்டை."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சட்டையை என்னிடமே விட்டுவிட்டார்.

எங்கள் ஆட்டத்தில் பாதிக்கு அரை மணி நேரம்தான். முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினோம். இரண்டும் அந்த இடது பக்கமாகவே வந்தன. என் பிறப்பு வளர்ப்பு பற்றியெல்லாம் பாடாங்கின் நான்கு பக்கத்திலிருந்தும் கேட்டேன். இதற்கிடையில் என் கருத்துக்கு மாறாக ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. சமையல்காரர் கோலுக்கு முன்னால் மலை மாதிரி நின்று எல்லாவற்றையும் மறித்தார். அடுப்புக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே பழகிய கால், திரும்பும் வேகம் தெரிந்த கால். நான் அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது பாதி தொடங்கியபோது மலைப்பாதையில் இடது ஓரத்துக்காரர் தெரிந்தார். இரண்டு மைல் ஓடி வந்திருந்தார். கைகளில் ரப்பர் பால் காய்ந்து தோலாகப் படிந்திருந்தது. வேலைச் சட்டையை உருவி எறிந்துவிட்டு, என் தோளில் கிடந்த சட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். முதலாளி கடிகாரத்தைப் பையில் வைத்தார்.

முதல் பந்தில் வழுக்கி விழுந்தார். இரண்டாவதை எதிரி பிடுங்கிவிட்டான். மூன்றாவது பந்தை எடுத்துக்கொண்டு கோட்டோரமாகவே போனார், ஒருவன், இரண்டு பேர், மூன்று பேர், கோட்டின் கடைசியிலிருந்து உள்ளே தூக்கிப் போட்டார். புகைக்கூட்டுக்காரர் தலையைக் கொடுத்தார், கோல். அதற்கப்புறம் ஆட்டம் முடியும்வரை எதிரி அணியில் பாதிப்பேர் அவரைச் சுற்றியே நின்றார்கள். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றோம்.

முதலாளி எழுந்து அவரிடம் போனார். நான் எதேச்சையாகப் பக்கத்தில் இருந்தேன். எதேச்சை என்றால் ஓடிப் போனேன்.

"ஏன் தம்பி லேட்டு?"

"மரம் காயல, முதலாளி. இன்னும் வேல முடியல. என் நிரைய மத்தவங்க எடுக்கறாங்க."

"எத்தன பேரு?"

"பத்து பேரு."

முதலாளி மலையைப் பார்த்தார். "சம்சாரம் தஞ்சோங் கிளிங்லன்னு கேள்விப்பட்டேன். கடைக்கு மேல ரூம்பு இருக்கு. அடுத்த மாசம் முதல் வாரம் வந்துருங்க. கூட்டிக்கிட்டே வாங்க."

இடது ஓரத்துக்காரர் தலையை ஆட்டினார். பிறகு கீழே உட்கார்ந்து கையில் ஒட்டிய பாலை உரிக்கத் தொடங்கினார். ரொம்ப நேரம் உரித்தார்.

ஐந்தே முக்காலுக்கு என் பத்துப் பேரும் வாளிகளோடு இறங்கி வந்தார்கள். கோல்காப்பாளர் தூரத்திலிருந்தே, "என்னாச்சு?" என்று கத்தினார்.

"தோத்துட்டோம். ஒண்ணுக்கு ரெண்டு."

"அதையா கேட்டோம்? பாய் எடுத்துக்கிட்டாரா?"

"எடுத்துக்கிட்டாரு."

வாளியைக் கீழே வைத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். கங்காணி பால் சிந்துகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் டவுனுக்குப் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை ஜன்னல் வழியாக மறுபடியும் பென்சில் வந்தது. "இருந்த ஒரே லெஃப்ட் விங்கையும் டவுனுக்கு அனுப்பிட்ட. இப்ப நீயே எழுது" என்றார் கிராணி. நான் முதலில் மரம் வெட்டாத ஏழு பேரை எழுதினேன். சமையல்காரர் பெயர் முதல் வரியில். கிராணி எட்டிப் படித்துவிட்டுப் பசை டப்பாவைத் திறந்தார், அது எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. அப்புறம் மரம்வெட்டு ஆட்கள் மூவரை எழுதினேன். இடது ஓரத்துக்கு வந்தபோது பென்சிலைக் கொஞ்ச நேரம் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் லாரி ஓட்டுநர் பெயரை எழுதினேன். பெடலில் பழகிய இடது கால், அதற்கு ஒரு வேகம் உண்டு என்பது என் உறுதியான கருத்து.