கூண்டில் சொன்ன நிஜம்

சித்தூரில் வக்கீலாக இருந்தவரை எனக்கு வாய்தான் சோறு போட்டது. கூலிக்காரர்கள், சேரிக்காரர்கள் வழக்கென்றால் முதல் ஆளாக ஓடுவேன். சாட்சி சொல்லப் போகிறவரைக் கோர்ட்டு வேப்பமரத்தடியில் உட்காரவைத்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்வேன். எழுபதுகளில் என்னைத் திருப்பதியில் முன்சீப் நீதிபதியாகப் போட்டார்கள். இனிமேல் ஏழைகளுக்கு நல்ல காலம் என்று சொல்லி மாலை போட்டு அனுப்பினார்கள். நானும் நம்பினேன். அந்த நாற்காலியில் காதுக்குத்தான் வேலை, வாய்க்குப் பூட்டு என்பது உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

காளஹஸ்தி போகும் வழியில் ஒரு கிராமம். அங்கே ஒரு கூலிக்காரருக்கு, அரிசனங்களுக்கென்று ஒதுக்கிய புறம்போக்கில் இரண்டு ஏக்கர் சர்க்கார் கொடுத்திருந்தது. கல்லும் முள்ளுமாகக் கிடந்ததைத் திருத்தி அவர் வேர்க்கடலை போட்டார். காய்க்க ஆரம்பித்ததும் பக்கத்து நிலத்துப் பெரிய மனிதருக்குக் கண் உறுத்தியது. இவர் கிறிஸ்தவர், அதனால் பட்டா செல்லாது என்று வழக்குப் போட்டுவிட்டார். மதம் மாறியவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்பது சட்டம். மாறியவரைச் சேரியை விட்டு யார் வெளியே விட்டார்கள் என்று சட்டம் கேட்கவில்லை.

எங்கள் பக்கத்து மிஷன் சபைகளில் இப்படி எத்தனையோ குடும்பங்கள் உண்டு. தாலுகா ஆபீசில் இந்துவாக ஒரு பேர், சர்ச்சில் ஒரு பேர். யாரும் அதைப் பொய்யாக நினைப்பதில்லை. பெரிய மனிதரிடம் ஆதாரம் என்று எதுவும் இல்லை. கூண்டில் நின்று இவர் "இல்லை" என்றால் வழக்கு படுத்துவிடும். ஒரு நீதிபதி பொய்ச் சாட்சிக்கு ஆசைப்படலாமா? நான் ஆசைப்பட்டேன்.

"நீ கிறிஸ்தவனா?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் தெலுங்கில் கேட்டார்.

கூலிக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே, "ஆமாங்க" என்றார்.

அவருடைய வக்கீல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி புரிந்ததா என்று நானே தமிழில் கேட்டேன்.

"புரிஞ்சிதுங்க ஐயா. கிறிஸ்தவன்தான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சும்மா சர்ச்சுக்குப் போய் வர்றதோட சரியா?"

ஒரு நீதிபதி அதற்கு மேல் இறங்கிவர முடியாது. அவரோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"இன்னாங்க ஐயா இப்பிடிக் கேக்கறீங்க? எங்க நைனா காலத்துலேந்து நாங்க ஞானஸ்நானம் வாங்கனவங்க!"

அதை அப்படியே பதிவு செய்யச் சொன்னேன். வேறு வழியில்லை.

இடைவேளையில் வராந்தாவில் மனைவியோடு நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"போன கிறிஸ்மஸுக்கு சர்ச்சுல ஒங்களப் பாத்தேங்க. நம்ம ஐயாவே சோதிக்கிறாரு, மூணு வாட்டி கேட்டாலும், ஏசுவத் தெரியாதுன்னு சொன்ன பேதுரு மாதிரி மறுதலிக்கக் கூடாதுன்னு கெட்டியா நின்னுக்கினு இருந்தேன்."

கட்சிக்காரரிடம் நான் பேசக் கூடாது. தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனேன்.

அதன்பின் அவருக்காக ஒரு சந்து கிடைக்குமா என்று சட்டப் புத்தகங்களைப் புரட்டாத நாளில்லை. கிடைக்கவில்லை. பட்டா செல்லாது என்று இங்கிலீஷில் தீர்ப்பை வாசித்தேன். குமாஸ்தா அவருக்குத் தமிழில் சொன்னார். அவருக்குக் கோபம் வரவில்லை, வந்திருந்தால் தேவலை. கை கூப்பியபடியே என்னைப் பார்த்தார்.

"நான் நெஜந்தானே ஐயா சொன்னேன்?"

"ஆமாம்" என்றேன்.