சரஸ்வதி பூஜையன்று காஞ்சிபுரத்துக்குப் படிக்கப் போனேன்

இப்போதிருக்கும் வீட்டைக் காலி செய்துவிட்டு ஒற்றை அறை வீட்டுக்குப் போகிறேன். மூன்று பீரோ புத்தகங்கள் அங்கே நுழையாது. ஞாயிற்றுக்கிழமை வந்து அள்ளிக்கொள்கிறேன் என்று பழைய புத்தகக்காரர் சொல்லியிருந்தார். மொத்தத்தையும் கொடுத்துவிட்டு ஒரே ஒரு இ-ரீடரோடு காலம் தள்ள முடியுமா? யோசித்து யோசித்துத் தூக்கம் போனதுதான் மிச்சம்.

அதனால் ஒரு பரீட்சை வைத்தேன். அறுநூறு பக்க நாவல் ஒன்று, காகிதத்திலும் இ-ரீடரிலும் என்னிடம் இருந்தது. இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று மாற்றி மாற்றிப் படிப்பது. எது சௌகரியமோ அது ஜெயிக்கும். இதற்கு அமைதியான இடம் வேண்டும். தோழி செல்வியின் வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில். கூடத்தில் இரண்டு தறி. சாதாரண நாளில் காலை ஆறு மணிக்கே சத்தம் தொடங்கிவிடும். ஆனால் ஆயுத பூஜையன்று தறி ஓடாது. சரியான நாளைப் பிடித்துவிட்டோம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

தாம்பரத்தில் காலை 8.10க்குப் பேருந்து. டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். படப்பை, ஒரகடம், வாலாஜாபாத் வழியாக இரண்டு மணி நேரம். ஜன்னலோர சீட். புத்தகத்தைப் பிரித்தால் காற்றே பக்கம் திருப்பியது. படப்பை தாண்டுவதற்குள் கட்டைவிரல் மரத்துவிட்டது. இ-ரீடர் ஒரு கைக்கு அடக்கம். எழுத்தைப் பெரிதாக்கினால் கண்ணாடியும் வேண்டாம். ஆனால் கீழே மூலையில் ‘35%’ என்று காட்டுகிறதே, அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். கதை படிக்கிறேனா, கேஸ் சிலிண்டரில் மிச்சம் பார்க்கிறேனா? மறுபடி புத்தகம், மறுபடி இ-ரீடர். பக்கத்து சீட் அம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏதாச்சும் தொலைச்சிட்டியாம்மா?” என்றார்.

பேருந்து நிலையத்திலிருந்து பிள்ளையார்பாளையம் இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். “பண்டிகை நாளுமா, கொஞ்சம் பார்த்துக் குடு” என்றார் ஓட்டுநர். நூறாகக் கொடுத்தேன்.

செல்வி வீட்டில் தறிகளைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பூஜை மூலையில் அவளுடைய ஆசிரியர் தேர்வு கைடுகள் அடுக்கியிருந்தன. நான் உட்கார்ந்து நாவலைப் பிரித்ததுதான் தாமதம், செல்வி கையை நீட்டினாள்.

“குடுடி. நாளைக்குக் காலைல எடுக்கிற வரைக்கும் யாரும் படிக்கக் கூடாது.”

எனக்குப் பகீரென்றது. பூஜை ஞாபகம் இருந்தது, படிக்கக் கூடாது என்பது மட்டும் மறந்துவிட்டது! நாவல் கைடுகளின் உச்சியில் போய் உட்கார்ந்தது. போகட்டும் என்று பையிலிருந்து இ-ரீடரை எடுத்தேன்.

“அது இன்னா?”

“இது புத்தகம் இல்லடி, மெஷின்.”

தறிக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்த செல்வியின் கணவர் தாமோதரன் நிமிர்ந்தார். “மெஷினா? அப்ப இப்படிக் குடுங்கமா, தறியாண்ட வெச்சிடலாம். இன்னிக்கு ஆயுத பூஜையாச்சே!”

புத்தகம் என்றாலும் போச்சு, மெஷின் என்றாலும் போச்சு. திரையில் பொட்டு வைக்கப் போனவரைத் தடுத்து, உறையில் வைக்கச் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான்.

அன்றைய பகல் நகரவே இல்லை. இரண்டு மணிக்குக் கைலாசநாதர் கோயிலுக்கு நடந்தேன், நடை சாத்தியிருந்தது. நான்கு மணிக்குத்தான் திறப்பார்களாம். வெளியிலிருந்த அறிவிப்புப் பலகையை இரண்டு முறை படித்தேன். திரும்பி வந்து பொரி கட்டியிருந்த செய்தித்தாளைப் பிரித்து நீவினேன். “அதுவும் படிக்கிறதுதான்டி” என்று செல்வி பிடுங்கிக்கொண்டாள். சுண்டலை வாயில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். தறி சத்தமாவது இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

விஜயதசமி காலை கற்பூரம் காட்டியதும், தாமோதரன் தறியில் உட்கார்ந்து சம்பிரதாயத்துக்கு நாலு இழை நெய்தார். அடுத்து ஆளுக்கு நாலு வரி படிக்க வேண்டும். செல்வி கைடை எடுத்தாள். தாமோதரனும் வருஷா வருஷம் ஒரு கைடைத்தான் எடுப்பாராம். இந்த வருஷம் கைக்கு முதலில் அகப்பட்டது என் நாவல். முதல் நாலு வரியை உரக்கப் படித்தார். ஐந்தாவது வரியில் குரல் இறங்கியது. பிறகு வாய் மட்டும் அசைந்தது, பிறகு அதுவும் நின்றது. தறிப் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். செல்வி வைத்த டீயில் ஆடை படிந்தது.

“இன்னாபா, தறி ஏறலியா?”

“இரும்மா, இந்தக் கப்பல்காரன் வந்துக்கினு இருக்கான்.”

பக்கத்திலேயே என் இ-ரீடர் கறுப்பாகக் கிடந்தது. அதற்குள் இருநூறு கதை இருக்கிறது என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? அதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் கிளம்பும்போது தாமோதரன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “இத்த முடிச்சிட்டுத் தரட்டுமாமா? நான் செல்போன்ல மெசேஜ் படிக்கிறதோட சரி.” பாதியில் நிற்கும் நாவலைக் கொடுக்க எனக்கு மனசே இல்லை. ஆனாலும் கொடுத்தேன்.

மதியம் 1.40 பேருந்தில் இ-ரீடரில்தான் மீதியைப் படித்தேன். கழுத்து வலிக்கவில்லை, கை மரக்கவில்லை, சதவீதம் கண்ணிலேயே படவில்லை. சௌகரியத்தில் இ-ரீடர் ஜெயித்தது. ஒரகடம் தாண்டும்போது செல்வியின் எண்ணிலிருந்து அழைப்பு. எடுத்தால் தாமோதரன்.

“அந்தக் கப்பல்காரன் கெட்டவன்தானேமா? ஐயோ, சொல்லாதீங்க, சொல்லாதீங்க!”

வைத்துவிட்டார். நானோ அந்த இடத்தைத் தாண்டியிருந்தேன், கப்பல்காரன் எப்படிப்பட்டவன் என்று தெரியும், சொல்லவும் முடியாது. இருப்புக்கொள்ளாமல் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கதையைப் பற்றி என்னிடம் ஒருவர் பேசி எத்தனை வருஷமாயிற்று! பீரோவைப் பூட்டிவைத்துக்கொண்டு, கையில் எது கனம், எது லேசு என்று ஆராய்ச்சி செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. தாம்பரத்தில் இறங்கியதும் பழைய புத்தகக்காரரை அழைத்து வர வேண்டாம் என்றேன்.

போகிறவர்களுக்கு: பயணத்தில் படிக்க இ-ரீடரே போதும், வெயிலில் திரை நன்றாகத் தெரிகிறது. கோயில்கள் மதியம் சாத்தியிருக்கும், காலையிலேயே போய்விடுங்கள். சரஸ்வதி பூஜைக்குப் போனால் படிக்கிற எண்ணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

என் வீட்டில் மூன்று பீரோவும் இப்போது திறந்தே இருக்கின்றன. சின்ன வீட்டுக்கு ஒன்றுதான் வரும். மற்ற இரண்டிலும் பிடித்ததை எடுத்துக்கொண்டு போங்கள், திருப்பித் தர வேண்டாம். பாதி படித்ததும் ஒரு போன் மட்டும் செய்யுங்கள்.