பஞ்சுவின் காலும் மச்சானின் காலும்

மச்சானின் அகன்ற உள்ளங்கையில் பஞ்சு மல்லாந்து கிடந்த அந்தப் பின்னேரத்தை நினைத்தால் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். பஞ்சு ஒரு வெள்ளை எலி. மச்சான் என் தாத்தாவின் கணவர். எங்கள் ஊர் முஸ்லிம்களிடையே மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். பாலாவி உப்பளத்தில் முப்பது வருடம் உப்பு வாரிய அந்த மனிதர், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எலியின் பின்னங்காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தின் அடி சிவந்து வீங்கி, நடுவில் கறுத்த பொருக்குத் தட்டியிருந்தது. "உப்புப் புண்ணு மச்சான்" என்றார் என்னிடம், எலியும் அவரோடு உப்பளத்துக்குப் போய் வந்தது போல.

பிள்ளை இல்லாத வீடு அது. சிலாபத்தில் செல்லப்பிராணிகள் விற்கும் கடையொன்றில் தாத்தா அதைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கி வந்தபோது குடும்பமே சிரித்தது. எலிப்பொறி வைக்க வேண்டிய வீட்டில் எலியையே கொண்டுவந்து வைத்திருக்கிறீர்களே என்று நானும் என் பங்குக்குக் கேலி செய்தேன். மச்சான் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தானே ஒரு கூடு செய்தார். அங்கேதான் பிழை நடந்தது. உப்பளத்துக்காரர்களுக்கு எதுவானாலும் ஈரம் வடிந்தாக வேண்டும். வடியாத உப்பு அவர்கள் கணக்கில் உப்பே இல்லை. ஆகவே கருவாடு காயப்போடும் கம்பி வலையையே கூட்டுக்குத் தரையாக அடித்தார். மூத்திரம் கீழே வடிந்துவிடும், எவ்வளவு சுத்தம் என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். போதாக்குறைக்கு நிலக்கடலையும் தேங்காய்ச் சொட்டும் தீற்றி எலியை உருண்டையாகக் கொழுக்க வைத்துவிட்டார். அந்தப் பாரத்தையெல்லாம் சின்னப் பாதங்கள் கம்பியின் மேல் சுமந்தால் புண் வராமல் என்ன செய்யும்?

அதற்கு அவர் செய்த வைத்தியம் அதைவிட மோசம். உப்புப் பாத்தியிலிருந்து போத்தலில் உப்பு நீர் கொண்டுவந்து பஞ்சுவின் காலை அதில் முக்கினார். உப்பளத்துக்காரர்களுக்குக் காலில் எது வந்தாலும் அதுதான் மருந்து. பஞ்சு வீரிட்டுக் கத்தி அவருடைய பெருவிரலைக் கடித்துவிட்டது. பொருக்கு உரிந்து, அடுத்த நாள் புண் இரண்டு மடங்காகியது.

எனக்கு எலியின் காலைவிட அவருடைய காலைப் பற்றித்தான் பயம். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, பிடித்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. நான் அரச ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் அறையில் வேலை செய்கிறவன். உணர்ச்சி செத்த பாதத்தில் புண் வந்தது தெரியாமல் நடந்து, கடைசியில் முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டி வந்த எத்தனையோ பேரின் புண்ணை என் கையால் துடைத்திருக்கிறேன். தினமும் பாதத்தைப் பாருங்கள் என்று கிளினிக்கில் அவருக்கும் சொல்லித்தான் அனுப்பினார்கள். அவர் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், தாத்தாவின் மாப்பிள்ளை. காலைக் காட்டுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஊர்ப்பட்ட பேரின் காலைத் தொட்டவனுக்குச் சொந்த வீட்டில் வெட்கம். இதை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

எலிக்காக மிருக வைத்தியரிடம் போனோம். அவர் சிரிக்கவில்லை. கம்பித் தரையை மூடி மெத்தென்ற துணி விரிக்கவும், அதைத் தினமும் மாற்றவும் சொன்னார். இளஞ்சூட்டு நீரில் ஒரு சிட்டிகை உப்புப் போதும், புண்ணைப் பிதுக்கவோ கீறவோ கூடாது, துடைத்து ஈரம் போனபின் தான் தரும் களிம்பை மெல்லிதாகப் பூச வேண்டும், கடலையை நிறுத்தி எடையைக் குறைக்க வேண்டும் என்றார். ஒரு சிட்டிகை என்றதை மச்சானால் நம்பவே முடியவில்லை. உப்பிலேயே வாழ்ந்த மனிதரிடம் அப்படிச் சொன்னால்? ஆனாலும் சொன்னபடி செய்தார். தினமும் மஃரிப் தொழுதுவிட்டு வந்து, பழைய துவாயை மடியில் விரித்து, அந்தக் கடலைப் பருப்பளவு பாதத்தை ஒவ்வொரு விரலாக ஒற்றியெடுப்பார். அவ்வளவு மெதுவாக அந்தக் கைகளால் எதையும் செய்ய முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. ஒரு மாதத்தில் பாதம் இளஞ்சிவப்பாகத் தேறியது.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து அங்கேதான் சாப்பிட்டேன். மச்சான் கதிரையில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பஞ்சுவைத் தரையில் விட்டிருந்தார்கள். பாத்திரம் கழுவிவிட்டுக் குசினியிலிருந்து வந்த தாத்தா அப்படியே நின்றுவிட்டார். பஞ்சு மச்சானின் காலில் சின்ன விரலடியில் முகத்தை வைத்திருந்தது. அதன் வெள்ளை மூக்கில் இரத்தம்.

"நோகல்லயா?" என்று கேட்டார் தாத்தா.

மச்சான் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "என்னத்துக்கு நோகணும்?" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "பஞ்சுட காலென்டு நெனச்சுக்கொண்டு தாங்க மச்சான்" என்றேன். பிறகு காலை என் மடியில் வைத்தார். உப்பு நீரில் ஊறித் தடித்த தோலுக்கு அடியில், வெளியே தெரியாமல், என் சின்ன விரல் நுனி நுழையும் அளவுக்குப் புண் குடைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த ஒரு விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் இரண்டு கிழமை போயிருந்தால் தப்பியிராது என்று டொக்டர் சொன்னார். எலியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தாத்தா அழுதபோது மச்சான் விடவில்லை. "அது கடிக்கல்ல. நக்கித்தான் பாத்திச்சு. எலியாவது பாத்திச்சே" என்றார். அது கடித்ததா நக்கியதா என்பதில் மருந்து கட்டுகிறவனான எனக்குச் சந்தேகம்தான். வெறுங்காலோடு இருக்கும்போது இனி அதைத் தரையில் விடக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தேன். ஆனால் எலியாவது பார்த்ததே என்ற அவருடைய சொல் என்னைத்தான் குத்தியது.

அதற்குப் பிறகு பஞ்சுவின் கூட்டுத் துணியை மாற்றி, அதன் நான்கு பாதங்களையும் பார்த்துவிட்டு, தன் கால்களையும் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. குனிய முடியாத நாட்களில் தாத்தா பார்த்துச் சொல்வார். வயதாகிப் பஞ்சு போனபோது அதன் பாதங்கள் சுத்தமாக இருந்தன. தன் கால்களைப் பார்ப்பதை மச்சான் அப்போதும் விடவில்லை.

போன வருடம் ஒரு காலையில், சுபஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழும்பவில்லை. நெஞ்சு வலியாக இருந்திருக்க வேண்டும். ஜனாஸாவை, அவருடைய உடலை, குளிப்பாட்டியவர்களில் நானும் ஒருவன். கால்மாட்டில் நின்று ஊற்றினேன். விரல் எடுத்த இடம் வெளுத்து ஆறிக் கிடந்தது. குதிகாலில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. குளிப்பாட்டியவர் கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் ஒழுங்கு. ஆனால் நல்லதைக் கண்டால் சொல்லலாம் என்பார்கள். நான் ஈரக் கையோடு உள்ளறைக்குப் போய்த் தாத்தாவின் முன்னால் உட்கார்ந்தேன்.

"தாத்தா, மச்சான்ட கால்ல ஒரு புண்ணும் இல்ல."

அவர் முந்தானையால் என் கைகளைத் துடைத்துவிட்டார்.

"ஓம் தம்பி. நேத்தும் பாத்தம்."