நாசகாரிக்கு வைத்த பெயர்

டீசலும் ஈரக் கயிறும் கலந்த ஒரு வாடை. ஒஷாவாவில் காருக்குப் பெற்றோல் அடிக்கையில் மழை பிடித்தால்கூட அது வந்துவிடும். வந்தால் நான் நிற்குமிடம் அழிந்துபோகும். மறுபடி ரொறன்ரோத் துறைமுகம். தொண்ணூறுகளின் நடுவில், வெயில் மறந்துபோன ஒரு கோடை.

பக்கத்தில் அன்ரி. மோர்னிங்சைட்டில் எனக்கு எதிர்வீடு, மன்னார்க் கரைக் கத்தோலிக்கர். அவருடைய ஒரே மகன் ஊரில் படகேறிக் கடல் கடந்தபோது இலங்கை நேவி சுட்டது. படகின் பலகைகள் கரை சேர்ந்தன. மகன் சேரவில்லை. இரண்டு வருடமாகியும் இறந்தோருக்கான பூசைக்கு அன்ரி அவன் பெயரைக் கொடுக்கவில்லை. இப்போது மகளுக்கு ஆண் குழந்தை. தம்பியின் பெயரையே வைக்க மகளுக்கு ஆசை. தாய் வாய் திறக்கவில்லை. வெளியில் கூட்டிப்போய்ப் பதமாகக் கதைத்துச் சம்மதிக்கவைக்கும்படி மகள் என் தலையில் கட்டியிருந்தாள்.

ஒரு போர்க்கப்பல் அங்கே நிற்குமென்று எனக்குத் தெரியாது. அமெரிக்காவின் புது நாசகாரி. டிஸ்ரோயர் என்பதை எங்கள் பத்திரிகைகள் அப்படித்தான் எழுதும். சாம்பல் வானம், சாம்பல் ஏரி, இரண்டையும்விடக் கடுத்த சாம்பலாய் அது. சனத்தின் பார்வைக்குத் திறந்துவிட்டிருந்தார்கள்; குடும்பங்கள் ஐஸ்கிறீமும் கையுமாக ஏறி இறங்கின. நேவியைக் கண்டதும் அன்ரி திரும்பி நடப்பார் என்று நினைத்தேன். அவரோ கப்பலின் பின்புறத்தில் எழுதியிருந்த பெயரைப் பார்த்துச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

"உது எந்தப் புனிதர், தம்பி?"

அவருடைய கடலில் வள்ளங்களுக்கு அந்தோனியார் பெயர், சந்தியோகுமையோர் பெயர். மனிதருடைய பெயரை யார் தண்ணீரில் விடுவார்கள்?

"புனிதர் இல்லை அன்ரி. சண்டையிலை செத்த பெடியன் ஒருத்தன்."

'செத்த' என்ற சொல் வாயைவிட்டுப் போனபிறகுதான் எனக்கு உறைத்தது. அன்ரி கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, ஏணியடியில் வெள்ளை உடுப்போடு நின்ற மாலுமியைக் காட்டினார்.

"உடம்பு கிடைச்சதோ எண்டு அவனிட்டைக் கேளும்."

கேட்டேன்.  மாலுமி மனப்பாடம் செய்ததுபோல் சொன்னான்: காயப்பட்ட கூட்டாளிகளை இழுத்துக்கொண்டிருந்தபோது இறந்தவன், உடலைக் கொண்டுவந்து சொந்த ஊரிலேயே அடக்கினார்கள், கப்பலுக்குப் பெயரிட்ட நாளில் தாய்தான் அதன் முகப்பில் ஷாம்பெயின் போத்தல் உடைத்தாள். ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன்.

"குடுத்து வைச்ச மனிசி," என்றார் அன்ரி. அதில் பகிடி எதுவும் இல்லை.

நான் சொல்ல வந்தது எதையும் சொல்லவில்லை. சப்வேயில் கெனடி ஸ்டேசன் வரைக்கும் என் வாயில் டீசல் கசந்தது. எனக்குப் பின்னேர வேலை. அவரைப் பஸ் ஏற்றிவிட நின்றேன். கம்பியைப் பிடித்து ஒரு காலைப் படியில் வைத்தவர் திரும்பினார்.

"உம்மை அனுப்பினவளுக்கு நீரே சொல்லிவிடும். பிள்ளைக்கு வேற பேர் பாக்கட்டும். அந்தப் பேருக்கு ஆள் இருக்கு."