மேலே மேலே ஏறிய நத்தைகள்

உலகத்துத் தண்ணீரெல்லாம் ஒருநாள் காய்ச்சலில் படுத்தால் முதலில் மாமாவைத்தான் கூப்பிடுவார்கள். தொட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்த்தே உப்பு எவ்வளவு, அழுக்கு எவ்வளவு, எந்த மீனுக்கு எந்த மீன்மேல் கோபம் என்று புட்டுப் புட்டு வைப்பார். சுறாவே டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கும். வண்ணமீன் கடைக்காரர் என்றால் யாருக்கும் தெரியாது. தொட்டி டாக்டர் என்றால் பஸ் கண்டக்டரே இறக்கிவிடுவார்.

வீட்டில்தான் மரியாதை கொஞ்சம் மட்டு. "ஊருக்குத்தான் டாக்டர், இங்க கம்பவுண்டர்" என்பாள் அத்தை. தையல்காரி, நாக்கும் ஊசிதான்.

சாலை போடுவதற்காகக் கழிமுகச் சதுப்பில் லாரி லாரியாக மண் கொட்டியபோது, அங்கே மரவேர்களில் ஒட்டியிருந்த நத்தைகளைப் பை நிறைய அள்ளி வந்தவள் அவள்தான். பழுப்பு ஓடு, வாய்ப்பக்கம் அச்சு அசல் மனிதக் காது மாதிரி மடிந்திருக்கும். விரிசல் விட்ட டப்பில் சேறும் மக்கிய இலையும் போட்டு, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். மாமாவைப் பற்றிய புகாரெல்லாம் அந்தக் காதுகளுக்குத்தான் போகும்.

"காது இருக்கு, எதிர்த்துப் பேச வாய் இல்ல. குடும்பம் நடத்தத் தோதான ஜீவன்."

அக்காவுக்கு ஆபரேஷன் என்று அவள் கிளம்ப வேண்டி வந்தது. "வெயில் படாம ஈரமா வச்சிருங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க, புண்ணியமாப் போகும்."

"எனக்கேவா பாடம்? நீ வரும்போது பாரு, ராஜா மாதிரி இருக்கும்."

ஒன்றும் பண்ணாமல் இருப்பது, அது ஒன்றுதான் மாமாவுக்கு வராத வேலை. கடையிலேயே பெரிய தொட்டியைக் கழுவினார். கடல்நீரை வடிகட்டி, கழுத்துவரை நிரப்பி, குமிழி விடும் மோட்டாரை மாட்டினார். ஒவ்வொன்றாக எடுத்து, குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல அடியில் இறக்கினார்.

நத்தைகள் கண்ணாடியில் ஏறின.

"ஊர் சுத்திக் கழுதைங்களா, எங்க போறீங்க?" என்று செல்லமாகப் பிடுங்கிக் கீழே விட்டார். மறுபடி ஏறின. மறுபடி விட்டார். கடைசியில் தண்ணீர் மட்டத்தோடு ஒட்டினாற்போல் ஒரு கண்ணாடி மூடியைப் போட்டு மேலே கல்லும் வைத்தார். மூடிக்கடியில் எல்லாம் கும்பலாகச் சேர்ந்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் கழன்று கீழே விழுந்தன. தண்ணீர்தான் சரியில்லை என்று, பாவம், இன்னும் நல்ல தண்ணீராக மாற்றினார்.

தோளில் மாட்டிய பையோடு நேரே கடைக்கு வந்த அத்தை, தொட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"தண்ணிக்குள்ளயா போட்டீங்க?"

"கடல் நத்தைதானே."

"கடலோரத்து நத்தைங்க. நம்மள மாதிரி காத்தைத்தான் இழுக்கும்."

மோட்டார் மட்டும் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"மேல மேல ஏறி வந்துச்சு," என்றார் மாமா. "நான்தான் தள்ளித் தள்ளி விட்டேன்."

அத்தை திட்டியிருக்கலாம். திட்டுவதற்கு அவளிடம் சரக்கா இல்லை? மறுநாள் மாமா கழிமுகத்துக்குப் போனார். வேர் இருந்த இடத்தில் ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. ஓடுகளைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாங்கி மேஜை டிராயரில் போட்டு மூடினாள். மிஷின் ஓடியது; பேச்சு ஓடவில்லை. இப்போதெல்லாம் கடையில் எந்த மீனாவது மேலே வந்து வாயைத் திறந்தால், மாமா கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்.

நல்ல வேளையாக இரண்டு நத்தைகள் டப்பிலேயே இலைக்கடியில் ஒளிந்திருந்து பிழைத்துக்கொண்டன. அவற்றைப் பார்த்ததும் அத்தை...

"எந்த ரெண்டு?"

இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த மருமகனின் தோளுக்கு மேலே மாமாவின் மூக்குக்கண்ணாடி. அந்த வரியின்மேல் விரலை வைத்துச் சொன்னார்:

"ஒவ்வொரு இலையா பொரட்டிப் பாத்துத்தான்டா எடுத்தேன். ஒண்ணக்கூட விடல. அதை அடிச்சிட்டு எழுது."