கைலிக்கு மீன் நிறம்

வெள்ளைக்காரன் காலத்தில் சென்னைக் கடற்கரையில் ஒரு மீன் காட்சிசாலை இருந்தது. அயனம்பாக்கத்திலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாக அங்கே போனேன். அங்கே பார்த்த ஒரு மீனைக் கோமாளி மீன் என்று இப்போது எழுதுகிறார்கள். அன்று அதைப் பட்டை மீன் என்றுதான் சொன்னோம்.

அடுத்த வாரம் பூந்தமல்லியில் எனக்குப் பழக்கமான பாய் ஒருவரைப் பார்க்கப் போனேன். நான்கு தறி வைத்துக் கைலி நெய்பவர். அன்று ஒரு தறியும் ஓடவில்லை. பட்டணத்து மொத்த வியாபாரி ஒருவர் புது மாதிரி கேட்டிருந்தார். போன மாதம் காட்சிசாலையில் அவர் பார்த்த, பூப்போல் விரியும் கடல் சாமந்தி என்ற பிராணிக்குள் குடியிருக்கும் பட்டை மீனின் நிறம் அப்படியே வேண்டும். மாறினால் வேறு பட்டறையைப் பார்த்துக்கொள்வார். நான்கு தறிக்கும் வருஷம் முழுக்க வேலை கிடைப்பது அந்த ஒரு துண்டுத் துணியைப் பொறுத்திருந்தது. பாயோ அந்த மீனைப் பார்த்ததில்லை.

நான் பார்த்ததைச் சொன்னேன். உடம்பு கமலா ஆரஞ்சுத் தோல் நிறம், குறுக்கே மூன்று வெள்ளைப் பட்டை.

"வெள்ளைக்கும் ஆரஞ்சுக்கும் நடுவுல கறுப்பு கீதா?" என்றார் பாய்.

"இருந்த மாதிரிதான் ஞாபகம்."

"மாதிரின்னா எப்டி நைனா? கறுப்பு இழை ஓடினா சாயம் கசிஞ்சாலும் தெரியாது. இல்லாங்காட்டி மொத தண்ணியிலயே வெள்ளை ரோஸாப் பூடும்."

சும்மா இருந்த தறியில் குந்தியிருந்த அவருடைய மைத்துனன், "மீனு தண்ணியிலயேதான் கீது மச்சான். அதுக்குச் சாயம் போவல, நமக்குத்தான் போவுது" என்றான்.

"நீ வாய மூடிக்கினு குந்து."

மறுநாள் நானும் பாயும் பஸ் ஏறிக் காட்சிசாலைக்குப் போனோம். கண்ணாடித் தொட்டியில் ஆரஞ்சு மீன்கள் இரண்டு இருந்தன. ஒன்றின் வெள்ளைப் பட்டைகளுக்கு மயிரிழை போல் கறுப்புக் கரை. மற்றதில் கரையே இல்லை. ஆரஞ்சு நேராக வெள்ளையில் போய் முட்டியது. பாய் கண்ணாடியில் மூக்கை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இது ரெண்டும் வேற ஜாதியா?" என்று காவல்காரரைக் கேட்டார்.

"ஒரே ஜாதிதான் பாய். ஒரே சாமந்தியில புடிச்சதுங்க."

"ஒரே தறி. ஒண்ணுக்குக் கறுப்பு நூலு அறுந்துபோச்சு" என்று என்னிடம் திரும்பிச் சொன்னார் பாய். பிறகு, போன மாதம் வந்த வியாபாரி இதில் எதைப் பார்த்திருப்பார் என்று காவல்காரரிடமே கேட்டார்.

"போன மாசமா? இதுங்க அந்தமான் கப்பல்ல வந்தே பத்து நாளுதான் ஆவுது. அப்ப இருந்தது அதோ அது."

அவர் காட்டிய பக்கத்துத் தொட்டியில் ஒரு சாமந்தி விரிந்திருந்தது. அதற்குள்ளிருந்து வேறொரு மீன் தலை நீட்டியது. வறுத்த காப்பிக்கொட்டை நிறம், இரண்டு வெள்ளைப் பட்டை, வால் மட்டும் நல்ல மஞ்சள். நான் வந்த அன்று அது உள்ளேயே ஒளிந்திருந்திருக்க வேண்டும்.

பாய் சிரித்தார். "காப்பிக் கலருன்னா வெத்தலைக்குப் போடற காசுக்கட்டிச் சாயம். எத்தினி தண்ணியில போட்டாலும் எறங்காது."

ஊர் திரும்பியதும் காப்பி நிறப் பாவு நூலைத் தறியில் பூட்டினார்கள். வியாபாரி வந்த அன்று நானும் பட்டறையில் இருந்தேன். அவர் கட்டைவிரலை நனைத்து வெள்ளைப் பட்டையில் அழுத்தித் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். துணியின் கோடிக்குப் போய் மஞ்சளைத் தொட்டு, "வாலையும் விடலியே நீ. நாலு தறியிலயும் இதையே போடு" என்றார்.

அவர் போனதும் மைத்துனன் தறியில் ஏறிக் கட்டையை மிதித்தான். பாய் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நைனா, ஒடம்பெல்லாம் காப்பி. வாலு மட்டும் இன்னாத்துக்கு மஞ்சளு?"

நான் துணியின் மஞ்சள் கோடியைப் புரட்டிப் பார்த்தேன்.

"நாயித்துக்கிழமை போய் அந்தக் காவக்காரரைக் கேட்டுகினு வருவோமா?" என்றார்.